சர்க்காரின் பற்று நோட்டு

மார்ச் மாதம் 31-ந் தேதி. இரவு மணி பன்னிரண்டு அடிக்கிறது. அந்த நிமிஷத்தில் இந்திய சர்க்காரின் கஜானாவில் பணம் இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது. மலைபோல் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து ஒரு காசை எடுத்து ஒரு தபால்காரருக்குச் சம்பளம் கொடுக்கப் பிரதம மந்திரிக்கும் அதிகாரம் கிடையாது, ஜனாதிபதிக்கும் கிடையாது. பழைய வருஷச் செலவுக்குப் பார்லிமெண்டு கொடுத்த அனுமதி, பன்னிரண்டு மணி அடித்ததும் காலாவதியாகிவிட்டது. புது வருஷத்துக்கு அனுமதி இருந்தால்தான் பூட்டுத் திறக்கும். சாவி லோக சபையின் மடியில் இருக்கிறது.

"அந்த அனுமதியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்பீர்கள். வாங்கத்தான் செய்கிறார்கள். பட்ஜெட் என்பதே அதற்குத்தான். ஆனால் பட்ஜெட்டை இலாகா இலாகாவாக விவாதித்து ஓட்டுப் போட நாள் பிடிக்கிறதே! அதிலும் தேர்தல் வருஷமாக இருந்தால் கேட்க வேண்டியதில்லை. மூட்டை கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மந்திரிசபை, அடுத்து வரப்போகிறவருக்காக வருஷம் பூராவுக்கும் செலவுத் திட்டம் போட்டு வைப்பது முறையாகுமா?

இந்தச் சங்கடத்துக்காகவே நமது அரசியல் சட்டத்தில் 116-வது ஷரத்து என்று ஒரு சின்னத் திட்டிவாசல் வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷில் அதற்கு 'ஓட் ஆன் அக்கவுண்ட்' என்று பெயர். தமிழில் முன்பண மானியம் என்கிறோம். முழு பட்ஜெட் நிறைவேறும் வரையில் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் எடுத்துக்கொள்ளச் சபை கொடுக்கும் அனுமதி அது.

இது டில்லி வக்கீல்களும் கணக்கப்பிள்ளைகளும் கவலைப்பட வேண்டிய சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரம் போகும் கடற்கரைச் சாலையில், ஜில்லா எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், வேம்பார் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரை வைத்துக்கொண்டு பார்த்தால் விஷயம் பளிச்சென்று விளங்கும்.

வேம்பார் என்றதும் சிலருக்குக் கருப்பட்டி ஞாபகம் வரும். அந்தப் பக்கத்துப் பனங்காடுகள் அப்படிப்பட்டவை. சிலருக்குக் கடலில் தள்ளி நிற்கும் வேம்பார்த் தீவுகள் நினைவுக்கு வரும். ஒரு தீவுக்கு நல்லதண்ணி என்று பெயர், இன்னொன்றுக்கு உப்புத்தண்ணி! பெயர் வைத்தவர் தாகத்தோடு வந்திறங்கிய மாலுமியாகத்தான் இருக்க வேண்டும். சரித்திரம் படித்தவர்களுக்கோ முத்துக்குளித்துறைதான் முதலில் தோன்றும். வேம்பார் தொடங்கி மணப்பாடு வரையில் பரதவர்களின் ஏழு கடல்துறைகள் என்று பெயர் பெற்ற வரிசையில் வடகோடி ஊர் இது. 1542-ல் சவேரியார் வந்து நடந்த கரை.

முத்துச் சலாபத்தின் கணக்கு வழக்கை ஒரு நிமிஷம் பாருங்கள். வெள்ளைக்காரர் காலத்து ஏற்பாட்டின்படி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலடியிலிருந்து ஒருவன் அள்ளிவரும் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு குவியல் சர்க்காருக்கு, ஒன்று குளித்தவனுக்கு. அந்த இரண்டு குவியலும் ஏலம் போய்ப் பணமாகிக் கஜானாவுக்குள் போன பிறகு, அது எதற்குச் செலவாயிற்று என்று கேட்க அவனுக்கு வாய் கிடையாது. ராஜாக்கள் எடுத்தார்கள், போர்ச்சுகீசியர் எடுத்தார்கள், டச்சுக்காரர் எடுத்தார்கள், இங்கிலீஷ்காரர் எடுத்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-ல் நடந்தது. முத்து போயிற்று. ஆனால் கேட்கும் உரிமை வந்திருக்கிறது. வேம்பார் அடங்கிய விளாத்திகுளம் தொகுதி, தூத்துக்குடி லோக சபைத் தொகுதிக்குள் வருகிறது. அந்தத் தொகுதியின் மெம்பர் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லாமல் டில்லியில் கஜானா திறக்காது.

சலாபம் நின்றாலும் கடல் நிற்கவில்லை. மீன்பிடிதான் இப்போது பிழைப்பு. ஆனால் வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாட்கள், மீன் குஞ்சு பொரிக்கும் பருவம் என்று கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. நாட்டுப் படகுகள் போகலாம். ஆனாலும் கரையெங்கும் வரும்படி சுருங்கிப்போகும். வலை பொத்துவதும் படகுக்குச் சாயம் பூசுவதுமாகப் பொழுது போகும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறப்பதும் அதை ஒட்டித்தான். சர்க்காரின் புதுக் கணக்கு பிறப்பது ஏப்ரல் முதல் தேதி. கரையில் கை வறண்டுபோவது ஏப்ரல் பதினைந்து. இரண்டுக்கும் நடுவே இரண்டே வாரம்!

இப்போது மளிகைக் கடைக்கு வாருங்கள். தடைக்காலத்தில் ஒரு வீட்டுக்காரி கடை வாசலில் நின்று கேட்பாள்:

"அண்ணாச்சி, அரிசியும் பருப்பும் வேணும். ரெண்டு மாசத்துக்குப் பற்று எழுதிக்கிடுங்க. கடலுக்குப் போனதும் அடைச்சிருதோம்."

"எழுதிக்கிடுதேன் தாயி. வழக்கமா வாங்குத சாமானை வாங்கிக்கோ. புதுசா ஒண்ணும் கேக்கப்படாது."

முன்பண மானியத்தின் சட்டம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. அரிசி பருப்புக்கு, அதாவது சம்பளம், பென்ஷன், ரேஷன் அரிசி, ஓடிக்கொண்டிருக்கும் திட்டங்கள் இவற்றுக்கு, இத்தனை மாதத்துக்கு இவ்வளவு. புதுச் சேலைக்கு, அதாவது புதிய திட்டங்களுக்கு, அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. கணக்கெல்லாம் பிறகு முழு பட்ஜெட்டில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

2021-ம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தமிழ்நாட்டில் சட்டசபைத் தேர்தல் வருஷம். மாநிலங்களுக்கும் இதே மாதிரி ஒரு திட்டிவாசல் உண்டு. அது 206-வது ஷரத்து. பிப்ரவரி 23-ந் தேதி ஓ. பன்னீர்செல்வம் இடைக்கால பட்ஜெட்டைப் படித்தார். ஏப்ரல் 6-ல் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடை தொடங்கியது. மே 2-ல் ஓட்டு எண்ணிக்கை. மே 7-ல் புது மந்திரிசபை. பழனிவேல் தியாகராஜன் திருத்திய பட்ஜெட்டைக் கொண்டுவந்ததோ ஆகஸ்ட் 13-ல்! தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த வருஷம் கடலோரக் குடும்பம் ஒன்றுக்குத் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். ஓட்டுப் பெட்டி மூடிக் கிடந்த நாளிலும், பழைய மந்திரி போய்ப் புது மந்திரி நாற்காலியில் அமர்ந்துகொண்டிருந்த நாளிலும், செலவு செய்யும் சக்தி சர்க்காருக்கு இருந்தது அந்த இடைக்கால அனுமதியால்தான்.

இது சென்னைக் கதை. டில்லியில் மசோதா எப்படி நகர்கிறது என்று பார்க்க 2024-ம் வருஷத்துக்குப் போவோம்.

பிப்ரவரி முதல் தேதி காலை 11 மணிக்கு நிர்மலா சீதாராமன் லோக சபையில் இடைக்கால பட்ஜெட்டைப் படித்தார். மொத்தச் செலவு மதிப்பு 47.66 லட்சம் கோடி ரூபாய். பேச்சு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அவருடைய மற்ற பட்ஜெட் பேச்சுக்களோடு ஒப்பிட்டால் அது மங்களம் மட்டும் பாடிய கச்சேரி! தேர்தல் நெருங்கிவிட்டதால், வழக்கப்படி வரி விகிதங்களில் கை வைக்கவில்லை என்று அவரே சொன்னார்.

பணம் சம்பந்தமான மசோதாவை நினைத்த மெம்பர் நினைத்தபடி கொண்டுவர முடியாது. ஜனாதிபதியின் சிபாரிசு வேண்டும். கொண்டுவர வேண்டிய இடமும் லோக சபைதான். ராஜ்ய சபையில் தொடங்க முடியாது. முதலில் பொது விவாதம் நடக்கிறது. பிறகு ஒவ்வொரு இலாகாவின் செலவும் ஒரு 'மானியக் கோரிக்கை'யாகச் சபைக்கு வருகிறது. இப்படி நூறு கோரிக்கைக்கு மேல் உண்டு. மீன்வளத்துக்கென்று 2019-ல் தனி அமைச்சகக் கூரை வந்ததால், மீன் இலாகாவுக்கும் அதில் ஒரு வரி இருக்கிறது. முழு பட்ஜெட்டில் சில கோரிக்கைகளையாவது தனித்தனியே எடுத்துக் கடித்துப் பார்ப்பார்கள். முன்பண மானியத்தில் அந்தச் சிரமம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிச் சபாநாயகர் ஓட்டுக்கு விடுகிறார். "ஆம் என்போர்?" என்று கேட்கிறார், ஒரு பக்கம் இரைச்சல். "இல்லை என்போர்?" இன்னொரு பக்கம் இரைச்சல். எந்த இரைச்சல் பெரிது என்று சபாநாயகரின் செவி தீர்மானிக்கிறது.

இவ்வளவில் பூட்டுத் திறந்துவிடவில்லை. சபை 'சரி' என்றது மட்டும் போதாது; அது சட்டமாக வேண்டும். ஆகவே அதே கையோடு 'நிதி ஒதுக்க மசோதா' ஒன்று வருகிறது. அதில் ஒரு அட்டவணை. இலாகாவின் பெயர், எதிரே தொகை. ஏற்கனவே ஓட்டுப் போட்ட தொகையை இங்கே கூட்டவோ குறைக்கவோ திருத்தம் கொண்டுவர முடியாது. இதில் ஒரு வேடிக்கை: ஜனாதிபதியின் சம்பளம், சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளின் சம்பளம், சர்க்கார் வாங்கிய கடனுக்கு வட்டி ஆகியவை சபையின் ஓட்டுக்கே விடப்படுவதில்லை. விவாதிக்கலாம், ஓட்டுப் போட முடியாது. ஆனால் அந்தப் பணத்தை வெளியே எடுக்க வேண்டுமென்றால் அதுவும் இந்த அட்டவணைக்குள் வந்துதான் தீர வேண்டும். ஓட்டுக்குத் தப்பலாம், சட்டத்துக்குத் தப்ப முடியாது.

பிப்ரவரி 7-ந் தேதி லோக சபை மசோதாவை நிறைவேற்றியது. வருமான வரி விகிதம் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியது என்பதால், பழைய விகிதமே தொடரட்டும் என்று சொல்லும் நிதி மசோதாவும் கூடவே போயிற்று. இது பண மசோதாதான் என்று சபாநாயகர் சான்று எழுதி ராஜ்ய சபைக்கு அனுப்பினார். ராஜ்ய சபையின் பாடு கொஞ்சம் பரிதாபந்தான். பேசலாம், யோசனை சொல்லலாம், நிராகரிக்க முடியாது. பதினாலு நாளில் திருப்பி அனுப்பாவிட்டால் நிறைவேறியதாகவே கணக்கு. அந்த முறை ஒரே நாளில், பிப்ரவரி 8-ந் தேதியே, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஜனாதிபதியின் கையெழுத்து. மற்ற மசோதாக்களை மறுபடி யோசியுங்கள் என்று ஜனாதிபதி திருப்பி அனுப்பலாம். பண மசோதாவை அப்படி அனுப்ப முடியாது. கெஜட்டில் வெளிவந்தால் வேலை முடிந்தது. ஏப்ரல் முதல் ஜூலை வரை நாலு மாதத்துக்குச் சர்க்காருக்குச் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது.

தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ந் தேதி ஓட்டுப் பதிவு. மீன்பிடித் தடையின் ஐந்தாவது நாள்.

ஒரு காலத்தில் இந்த முன்பண மானியம் தேர்தல் வருஷத்தில் மட்டும் வரும் விருந்தாளியாக இருக்கவில்லை. பிப்ரவரிக் கடைசியில் பட்ஜெட் வந்ததால், ஒவ்வொரு வருஷமும் மார்ச்சில் இரண்டு மாதச் செலவுக்கு, சுமார் ஆறில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு, மே மாதம் வரை விவாதம் நடத்துவார்கள். 2017-ல் பட்ஜெட் நாளைப் பிப்ரவரி முதல் தேதிக்கு நகர்த்தியபின் மார்ச்சுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் சபை நிதானமாக விவாதிக்க நாள் கிடைக்கட்டும் என்பதற்காக ஏற்பட்ட வாசல் இது என்பதையும் மறக்கக்கூடாது. வாசலை மூடியாயிற்று, விவாதமோ வளரவில்லை. முழு பட்ஜெட்டிலும் கடைசி நாளன்று 'கில்லட்டின்' என்ற பெயரில், பேசப்படாத கோரிக்கைகளையெல்லாம் ஒரே வீச்சில் நிறைவேற்றுகிறார்கள். பெரும்பாலான இலாகாக்களுக்கு அந்தக் கதிதான்.

இடைக்கால பட்ஜெட்டுக்கும் நம்மவர்களுக்கும் ஏதோ பூர்வஜன்ம பந்தம் இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-ந் தேதி படித்தவர் கோயமுத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார். ஏழரை மாதத்துக்கு மட்டுமான பட்ஜெட் அது. அதைப் பிறகு 'இடைக்கால பட்ஜெட்' என்று குறிப்பிட்டு, அந்தச் சொல்லை நடமாட விட்டவரும் அவரே. 1957-ல் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, 1980-ல் ஆர். வெங்கட்ராமன், 2014-ல் ப. சிதம்பரம், 2024-ல் மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் என்று பட்டியல் நீள்கிறது.

ஆனால் உண்மையாகவே நெஞ்சு படபடக்கும்படி இந்த மசோதா நிறைவேறியது 1991-ல். மார்ச் 4-ந் தேதி யஷ்வந்த் சின்ஹா இடைக்கால பட்ஜெட்டைக் கொடுத்தார். சந்திரசேகர் சர்க்கார் காங்கிரஸின் தயவில் நின்றுகொண்டிருந்தது. ராஜீவ் காந்தியின் வீட்டை ஹரியானாப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வேவு பார்த்தார்கள் என்று ஒரு ரகளை கிளம்பியது. மார்ச் 6-ல் சந்திரசேகர் ராஜினாமாச் செய்துவிட்டார். சர்க்கார் விழுந்துவிட்டது, மார்ச் 31-க்கு இருபத்தைந்து நாள், கையில் முன்பண மானியம் இல்லை! அன்னியச் செலாவணியோ அதலபாதாளத்தில் கிடந்தது. போதாக்குறைக்கு, ஜனவரி 30-ல் தமிழ்நாட்டு மந்திரிசபை கலைக்கப்பட்டு இங்கே ஜனாதிபதி ஆட்சி. அதனால் சென்னைக் கஜானாவின் சாவியும் அப்போது பார்லிமெண்டின் கையில்தான் இருந்தது. வேம்பார் பள்ளிக்கூட வாத்தியாரின் ஏப்ரல் சம்பளம்கூட டில்லியை நம்பியிருந்தது என்று சொன்னால் மிகையில்லை. கவிழ்த்தவர்களும் கவிழ்ந்தவர்களுமாகச் சேர்ந்து உட்கார்ந்து முன்பண மானியத்தை நிறைவேற்றிக் கொடுத்தார்கள். மார்ச் 13-ல் லோக சபை கலைந்தது. ஜூலை 24-ல் மன்மோகன் சிங் முழு பட்ஜெட்டுடன் வந்தார்.

1999 ஏப்ரல் 17-ல் வாஜ்பாய் சர்க்கார் ஒரே ஒரு ஓட்டில் தோற்றபோதும் கிட்டத்தட்ட இதே கதை. சண்டை முடிந்த சில நாளில், எதிரிகள் ஒன்றுகூடி நிதி மசோதாவை விவாதமின்றி நிறைவேற்றினார்கள்.

இந்த நாகரிகம் எல்லா தேசத்திலும் உண்டென்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் இடைக்காலச் செலவு மசோதா நிறைவேறாவிட்டால் ஆட்சி போகாது; ஆபீசுகள் மூடிக்கொள்ளும். 2025 அக்டோபர் முதல் தேதி தொடங்கி நவம்பர் 12 வரையில் 43 நாள் அப்படி மூடிக் கிடந்தது. நமது முறையில் பணம் மறுக்கப்பட்ட மந்திரிசபை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேம்பாருக்கு எதிரே, மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் இருக்கும் இலங்கையிலோ 2018-ல் இதைவிடக் கூர்மையான காட்சி நடந்தது. நான்தான் பிரதமர் என்று இரண்டு பேர் உரிமை கொண்டாடிய வேளையில், நவம்பர் 29-ந் தேதி பார்லிமெண்டு கூடி, பிரதமர் காரியாலயத்துக்குப் பணம் கொடுக்கக்கூடாது என்று 123 ஓட்டில் தீர்மானம் போட்டது. தகராறு தீர்ந்ததும், டிசம்பர் 21-ல், 2019-ன் முதல் நாலு மாதத்துக்கு முன்பண மானியம் நிறைவேறியது. துப்பாக்கி செய்ய முடியாததைப் பணப்பை செய்தது!

இனி, குறையையும் சொல்லிவிட வேண்டும். பற்று நோட்டில் அரிசி பருப்புதான் எழுதலாம் என்று அண்ணாச்சி சொன்னாரல்லவா? தேர்தல் வாசலில் நிற்கும் மந்திரிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கசக்கிறது. 2019 பிப்ரவரி முதல் தேதி இடைக்கால பட்ஜெட் படித்த பியூஷ் கோயல், விவசாயிகளுக்கு வருஷம் 6,000 ரூபாய் என்றும், ஐந்து லட்சம் வரை வரியில்லை என்றும் அறிவித்தார். ஆறாயிரத்தை முந்தின டிசம்பரிலிருந்தே கணக்கிட்டார்கள். 2014-ல் சிதம்பரம் கார்களுக்கு எக்சைஸ் வரியைக் குறைத்தார். முன்னாள் ராணுவத்தினரின் பென்ஷன் கோரிக்கைக்கும் இசைந்தார். இதில் கட்சி பேதமில்லை. சட்டம் இதைத் தடுக்கவுமில்லை, வழக்கம்தான் தடுக்கிறது. விவசாயிக்குக் கொடுத்ததை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் நிறைவேறும் மசோதாவோடு வாழ்நாள் செலவுகளைத் தொங்கவிடுவது, பற்று நோட்டில் பட்டுச் சேலையை எழுதுவது போலத்தான். மறுக்க மனமுள்ள மெம்பரும் மறுக்க முடியாது. மறுத்தால் அரிசி பருப்பும் நின்றுபோகுமே!

2024-ல் மிச்சம் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஜூன் 4-ல் ஓட்டு எண்ணினார்கள். ஜூலை 23-ல் முழு பட்ஜெட் வந்தது; 47.66 என்பது 48.21 லட்சம் கோடியாகியிருந்தது. பார்லிமெண்டு அதை முழுதும் நிறைவேற்றி முடிக்கும்போது ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டது. நாலு மாதம் ஜூலையோடு தீர்ந்துவிட்டதே, ஆகஸ்ட் முதல் வாரத்தில் சர்க்கார் எப்படிச் செலவு செய்தது? நாலு மாதம் என்பது தொகையைக் கணக்கிடுவதற்கு மட்டுந்தான். சட்டத்தில் எழுதியிருப்பது அந்த வருஷத்துச் செலவுக்கு இவ்வளவு தொகை என்பதே. தொகை மிச்சமிருக்கும் வரையில் எடுக்கலாம். கடைசியில் வரும் முழு நிதி ஒதுக்கச் சட்டத்தில், முன்பே கொடுத்த முன்பணமும் இதற்குள் அடக்கம் என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். அண்ணாச்சி பென்சிலை எடுத்துப் பற்று நோட்டில் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பாரே, அந்தக் கோடு அது.